மதகின் கீழ்ப்புறம்

பிள்ளைகளே, அணை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மேல்புறத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தேங்கிய நீரின் பரப்பு கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ளவும் தோதாக இருக்கிறது. பாசனப் பணியில் இருந்த காலமெல்லாம் என்னை நிறுத்தி வைத்தது கீழ்ப்புறம்தான். மதகு வழியே விழுந்த நீர் கல்தளத்தில் மோதி, நுரைத்து, பிறகு மெல்லத் தெளிந்து மறுபடி ஆறாகிற அந்தச் சிறு தூரத்தில்தான் மீனும் பறவையும் நீர்நாயும் முதலையும் கூடுகின்றன. அங்கே நின்று கண்டவற்றில் சிலவற்றை உங்களிடம் சொல்லி வைக்கும் வயது எனக்கு வந்துவிட்டது.

கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் போகும் பழைய சாலையில் அணைக்கரை என்று ஓர் ஊர் இருக்கிறது. கொள்ளிடம் அங்கே இரண்டாகப் பிரிந்து நடுவில் ஒரு திட்டை விட்டுச் செல்கிறது. அந்த இரண்டு கிளைகளுக்கும் குறுக்கே 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டியது கீழணை. முக்கொம்பில் மேலணையும் அதே காலத்தில் அவர் எழுப்பியதுதான். கீழணையில் தேங்குவது 9 அடித் தண்ணீர். மேட்டூரின் 120 அடிக்கு முன்னால் அது ஒரு வாசற்படி மாதிரி. ஆனால் வடவாறும் வடக்கு ராஜன், தெற்கு ராஜன் வாய்க்கால்களும் அந்தப் படியிலிருந்துதான் பிரிகின்றன. வீராணம் ஏரி நிறைவதும் அந்தத் தண்ணீரால்தான். கடலிலிருந்து கொள்ளிடத்தில் ஏறிவரும் மீனுக்கு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக, எதிர்ப்பட்ட முதல் சுவரும் அதுவே.

மீன் ஏன் சுவரடியில் கூடுகிறது? புது வெள்ளம் வந்ததும் பல வகை மீன்கள் சினை வைக்க மேல்நோக்கி ஏறுகின்றன. ஏறுகிறவை சுவரில் தடைபட்டு நிற்கின்றன. விழுந்து நுரைக்கிற நீரில் காற்று நிறையக் கலந்திருப்பதால் மூச்சுக்கும் அங்கே குறைவில்லை. மதகு வழியாக அடித்து வரப்படும் பூச்சியும் சிறுமீனும் மயங்கிய நிலையில் வந்து விழுவதால் இரையும் தேடாமலே கிடைக்கிறது. இவற்றை நம்பி வாளையும் கெளுத்தியும் வரும். அவற்றை நம்பி நீர்க்காகமும் பாம்புத்தாராவும் நாரையும் வரும். ஒரு தடை எழுந்தால் அதன் அடியில் ஒரு சந்தையே கூடிவிடுகிறது. தடைபட்டவன் துயரத்தில் பிழைக்கிறவர்களும் அந்தச் சந்தையில் உண்டு என்பதை நீங்கள் வாழ்க்கையிலும் காண்பீர்கள். அதற்காக மனம் கசக்க வேண்டாம்.

இளம் பொறியாளனாக அங்கே போய்ச் சேர்ந்தபோது எனக்கு மீன் கண்ணில் படவே இல்லை. நுரையை வெறித்துக்கொண்டு நின்றேன். வயதான லஸ்கர் ஒருவர், மதகின் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றியே உள்ளங்கை காய்த்துப் போனவர், பக்கத்தில் வந்து நின்றார். “நுரையைப் பாக்காதீங்க சார். நுரைக்குப் பக்கத்துல தண்ணி எங்க சும்மா கெடக்குதுன்னு பாருங்க” என்றார்.

பார்த்தேன். மதகின் இரண்டு கண்களுக்கு இடையிலிருந்த தூணுக்குப் பின்னால், ஒரு கட்டில் அளவுக்கு, நீர் கிட்டத்தட்ட அசையாமல் கிடந்தது. இருபுறமும் ஆறு சீறிக்கொண்டு போக, அந்த இடம் மட்டும் மெல்லப் பின்னோக்கிச் சுழன்றது. அதற்குள் முழங்கை நீளச் சேல்கெண்டைகள் நெருக்கமாக நின்றன. எல்லாவற்றின் வாயும் சுவரை நோக்கி இருந்தது. செவுள்மூடி திறந்து மூடுவதும், வால்துடுப்பின் நுனி மட்டும் இழைவதும் தெரிந்தது. ஒன்று திடீரென்று விலகிப் பாயும் நீருக்குள் நுழைந்தது. தளத்தின் விளிம்பு வரை போய்விட்டது; அங்கே தூக்கி எறியப்பட்டு, புரண்டு, வெள்ளை வயிற்றைக் காட்டி, எப்படியோ சமாளித்து மறுபடி தூணின் நிழலுக்கு வந்து சேர்ந்தது. உடனே அது மறுபடி பாயும் என்று காத்திருந்தேன். பாயவில்லை. வெகுநேரம் நின்றது.

“எளைப்பாறுது சார். வெள்ளம் ஏறி எல்லாக் கண்ணையும் தூக்குறப்ப மேலயும் கீழயும் தண்ணி சமமா நிக்கும். அன்னைக்குத்தான் இதுக்கு வழி. அதுவரைக்கும் உசிரக் கையில வச்சிக்கிட்டு நிக்கணும்ல?” என்றார் அவர்.

அவர் சொன்ன நாளும் வந்தது. மேலே மழை கொட்டி, கொள்ளிடம் கரையை முட்ட, எல்லா ஷட்டர்களையும் தூக்கினோம். மதிய நேரத்தில் அணை இருக்கும் இடமே தெரியாதபடி நீர் மேலும் கீழும் ஒரே மட்டமாக ஓடியது. தூண்களுக்கு நடுவே கலங்கல் நீரைக் கிழித்துக்கொண்டு முதுகுத் துடுப்புகள் மேல்நோக்கிப் போவதைப் பாலத்தின் மேலிருந்து கண்டேன். அத்தனை நாள் அந்தச் சுவரடியில் நின்றவை அவை.

இதைப் பல முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். முட்டி மோதுவதை மட்டுமே முயற்சி என்று உங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு பையன், நல்ல அறிவாளி, போட்டித் தேர்வுக்குப் படித்தான். தோற்றால் அடுத்த நாளே மறு தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தான். உறக்கத்தை விட்டான், உணவைக் குறைத்தான், நண்பர்களை விலக்கினான். மூன்றாம் ஆண்டில் புத்தகத்தைக் கண்டாலே கை நடுங்கும் நிலைக்கு வந்துவிட்டான். அவனுக்கு ஊக்கம் குறையவில்லை. மோதலுக்கும் மோதலுக்கும் நடுவே நிற்க ஓர் இடம் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். பொறுமை என்பது ஓய்ந்து கிடப்பது அல்ல. அந்த மீன் ஓய்ந்தபோதும் அதன் வாய் சுவரை நோக்கித்தான் இருந்தது. திசையை மாற்றாமல் இளைப்பாறத் தெரிந்தவனுக்கே மட்டம் சமமாகும் நாளில் உடம்பில் வலு மிச்சம் இருக்கும். பெற்றோரும் ஆசிரியரும் நல்ல நண்பர்களும் அந்தத் தூணின் நிழல்கள். அங்கே போய் நிற்பதற்கு வெட்கப்படாதீர்கள்.

எல்லா உயிரும் ஒரே விதமாக ஏறுவதில்லை. மழைக்கால இரவு ஒன்றில் மூடியிருந்த ஒரு கண்ணைச் சோதிக்க டார்ச் விளக்கோடு இறங்கினேன். ஷட்டரின் ஓரம் சற்றுக் கசிந்துகொண்டிருந்தது. கசிவு வழிந்த சுவரில் பாசி படிந்து பச்சையாக இருந்தது. அந்தப் பாசியில் ஏதோ நெளிந்தது. குனிந்து பார்த்தால் விலாங்குக் குஞ்சுகள். விரல் நீளம்கூட இல்லை, தீக்குச்சிப் பருமன். ஈரச் சுவரில் வயிற்றை ஒட்டிக்கொண்டு, உடம்பை வளைத்து வளைத்து, செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தன. சில வழுக்கி விழுந்தன. விழுந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கின. காய்ந்த கல் குறுக்கிட்டால் நின்று, பக்கவாட்டில் நகர்ந்து, ஈரம் உள்ள தடத்தைத் தேடிப் பிடித்தன.

விலாங்கின் வாழ்க்கை மற்ற ஆற்று மீன்களின் வாழ்க்கைக்கு நேர் எதிரானது. அது பிறப்பது ஆழ்கடலில். இலை போன்ற, கண்ணாடி போன்ற சிறு உருவில் கடல் நீரோட்டத்தோடு மிதந்து கரைக்கு வந்து, முகத்துவாரத்தில் நுழைந்து, ஆற்றில் ஏறி, அங்கே பல ஆண்டுகள் வளர்ந்து, முதிர்ந்த பின் சினை வைப்பதற்காக மறுபடி கடலுக்கே போய் அங்கேயே உயிரை விடுகிறது. பாம்புக்கு வாலையும் மீனுக்குத் தலையையும் காட்டுவது என்று அதற்கு நம் ஊரில் கெட்ட பெயர் உண்டு. அந்த இரவுக்குப் பிறகு அந்தப் பழமொழியைச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஈரச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஏறும் வல்லமை விலாங்குக்கு அதன் குஞ்சுப் பருவத்தில் மட்டுமே உண்டு. உடம்பு கனத்துவிட்டால் பிடி தாங்காது. இளம் வயதில் மட்டும் ஏறக்கூடிய சுவர்கள் மனிதருக்கும் உண்டு என்று நான் நம்புகிறேன். புது மொழி கற்பது, தெரியாத ஊருக்குத் தனியே வேலைக்குப் போவது, கையில் காசில்லாமல் ஒரு தொழிலைத் தொடங்குவது, அடியோடு அவமானப்பட்ட இடத்தில் மறுநாள் காலை மறுபடி போய் நிற்பது, இவையெல்லாம் எடை கூடாத காலத்துக் காரியங்கள். நாற்பது வயதில் உங்களுக்கு அறிவு கூடியிருக்கும். பொறுப்பின் எடையும் கூடியிருக்கும். சுவர் ஈரமாக இருக்கும்போதே ஏறுங்கள்.

ஆனால் எல்லாத் தோல்வியையும் முயற்சிக் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். உல்லம் மீனின் கதையை நான் சொல்வது இதற்காகத்தான். வங்காளத்தார் இலிஷ் என்று கொண்டாடும் அதே மீன். கடலில் வளர்ந்து, மழை வெள்ளம் வந்ததும் கூட்டமாக ஆற்றில் ஏறி நன்னீரில் சினை வைப்பது அதன் இயல்பு. ஒரு காலத்தில் கொள்ளிடம் உல்லத்துக்குப் பெயர் பெற்ற ஆறு. உல்லம் வலிமையான நீச்சல் மீன். ஆனால் வட அமெரிக்க ஆறுகளின் சால்மனைப் போல நீரை விட்டு எகிறித் தாண்டும் பழக்கம் அதற்கு இல்லை. அதன் உடம்பு அப்படி அமையவில்லை. அதற்குச் சுவர் என்றால் சுவர்தான்.

இந்தக் கவலை முதலில் எழுந்தது அணை கட்டியவரிடமிருந்தே என்பதை நீங்கள் அறிய வேண்டும். 1860-களில் ஆர்தர் காட்டன், பாசனத்துக்காக எழுப்பிய அணைகள் சினை மீன்களின் ஏற்றத்தைத் தடுத்து மீன்வளத்தைக் கெடுக்கின்றனவா என்று கேள்வி எழுப்பினார். அதை ஆராயும் பொறுப்பு பிரான்சிஸ் டே என்ற மருத்துவரிடம் வந்தது. அவர் ஆறு ஆறாகப் போய்ப் பார்த்து, இந்தியா, பர்மா இரண்டின் நன்னீர் மீன்களைப் பற்றி 1873-ல் அறிக்கை வெளியிட்டார். தான் கட்டியதை வாழ்நாளெல்லாம் புகழ்ந்துகொண்டே இருந்திருக்கலாம் காட்டன். தஞ்சை உழவர் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தம் கைவேலையின் கீழ்ப்புறத்தையும் எட்டிப் பார்த்தார் அவர். காவிரி, கோதாவரிப் பாசனத்தில் அவர் செய்தவற்றைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். என் மதிப்பில் அந்தக் கேள்வி அவற்றுக்குக் குறைந்ததல்ல.

1907-ல் பிரெடரிக் நிக்கல்சன் தலைமையில் சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறை தொடங்கியது. அந்தக் காலத்தில் கீழணையில் உல்லத்தின் சினையைப் பிழிந்தெடுத்துச் செயற்கையாகப் பொரிக்க வைக்க முயன்றார்கள். மீன் ஏறுவதற்குப் படிவழியும் அமைத்துப் பார்த்தார்கள். உல்லம் அதை ஏற்கவில்லை. சுவர் இருந்தும் பெருவெள்ள நாட்களில், மேலும் கீழும் மட்டம் சமமாகும்போது, அதற்குக் கொஞ்சம் வழி கிடைத்துக்கொண்டிருந்தது. 1934-ல் மேட்டூர் அணை பயன்பாட்டுக்கு வந்தது. 93.47 டி.எம்.சி. கொள்ளும் அந்தத் தேக்கம் காவிரியின் முதல் வெள்ளங்களைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டது. டெல்டா உழவருக்கு அது வாழ்வு. அதை நான் ஒருநாளும் மறுக்க மாட்டேன், என் குடும்பமும் அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லை உண்டு வளர்ந்ததுதான். ஆனால் கொள்ளிடத்து உல்லத்துக்கு மட்டம் சமமாகும் நாள் அரிதாகிவிட்டது. மேட்டூர் அணை மீன்களுக்குச் செய்ததை விளக்கி, அதிலிருந்து நாடு கற்க வேண்டியதைச் சொல்லி, சுந்தர ராஜ் என்ற மீன்வள அறிஞர் 1941-லேயே ஒரு கட்டுரை எழுதினார். 1975-ல் கங்கைக்குக் குறுக்கே ஃபராக்கா தடுப்பணை எழுந்த பிறகு, அலகாபாத் வரை ஏறிக்கொண்டிருந்த அதே மீனுக்கு அங்கேயும் அதே கதி நேர்ந்தது.

நான் பணிக்குச் சேர்ந்த காலத்தில் அணைக்கரையில் முதிய மீனவர்கள் சிலர், தங்கள் தகப்பன் காலத்தில் வலை நிறைய உல்லம் வந்ததைச் சொல்வார்கள். நெய் வடியும் மீன் என்பார்கள். சொல்லும்போது குரலில் கோபம் இருக்காது. வெகுகாலம் முன்பு ஊரை விட்டுப் போன உறவினரைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார்கள். உல்லத்திடம் பொறுமை குறைவாக இருந்ததா? ஆண்டுதோறும் வந்து நின்றதே! வாழ்க்கையில் சிலர் முழு வலுவோடும் முழு ஒழுக்கத்தோடும் முயன்று, சுவரின் அளவு அவர்கள் உடம்பின் அளவுக்குப் பொருந்தாததால் நின்றுவிடுகிறார்கள். ஏறிவிட்டவர்கள் திரும்பிப் பார்த்து “அவனுக்கு உழைப்புப் போதாது” என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சு உங்கள் வாயிலிருந்து வர வேண்டாம்.

இனி நான் சொல்லப்போவது, நாளை ஏதோ ஒரு மதகின் சக்கரம் உங்கள் கைக்கு வரும்போது உதவும்.

வெள்ளம் வடிந்ததும் ஷட்டர்களை இறக்குவார்கள். திறக்கும்போது உள்ள கவனம் மூடும்போது இருப்பதில்லை. திறப்பதற்குச் சங்கு ஊதுகிறோம், தண்டோரா போடுகிறோம், ஆட்சியர் அறிக்கை வருகிறது. மூடுவதற்கு யாரும் எதுவும் செய்வதில்லை. சடசடவென்று எல்லாவற்றையும் இறக்கிவிட்டால் கீழே ஆறு ஒரு மணி நேரத்தில் இடுப்பளவிலிருந்து கணுக்காலளவுக்கு வந்துவிடும். நீரோடு வந்தவை நீரோடு போக நேரம் கிடைக்காமல் கல்குழிகளில் மாட்டிக்கொள்ளும். மேட்டூரில் 16 கண் மதகுக்குக் கீழே பாறைக் குட்டைகளில் இப்படி மாட்டும் மீன்களைப் பிடிக்க ஊரே திரண்டு வருவது வழக்கம். கூடை, வேட்டி, கொசுவலை, கையில் கிடைத்ததெல்லாம் வலையாகும். பிடிபடாதவை நாலாம் நாள் வெயிலில் நீர் சூடேறி, மூச்சுக்கு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடி, செத்து மிதக்கும். அந்த வாடை காற்றில் வெகுதூரம் போகும்.

எனக்கு மேலதிகாரியாக இருந்த ஒருவர் அதிகம் பேசாதவர். கீழணையில் வெள்ளம் வடிந்த ஒரு மாலையில், இறக்க உத்தரவு வந்ததும், முதலில் ஓரத்துக் கண்களை மட்டும் இறக்கச் சொன்னார். பிறகு ஒரு மணி நேரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பாலத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு இன்னும் சில கண்கள், அவையும் பாதி. நடுக் கண்கள் இரண்டை விடிய விடியச் சற்றுத் திறந்தே வைத்திருந்தார். கீழே நீர் ஒரு தடமாக ஒடுங்கியது. குழிகளிலிருந்த மீன்கள் அந்தத் தடத்துக்கு வந்து, தடத்தோடு ஆழமான மடுவுக்குப் போய்ச் சேர்ந்தன. விடியற்காலையில் ஒதுங்கிக் கிடந்தவை கூடையில் அள்ளும் அளவுகூட இல்லை. அவற்றை லஸ்கர்கள் கையால் எடுத்து நீரில் விட்டார்கள். விதிப் புத்தகத்தில் அந்த இரவுக் காவல் எழுதப்படவில்லை. இரண்டு கண் வழியே போன நீருக்கு அவர் பதில் எழுத வேண்டியிருந்தது, எழுதினார்.

பிள்ளைகளே, நீங்கள் பலவற்றை மூட வேண்டி வரும். ஒரு கடையை, ஒரு பிரிவை, ஓர் உறவை, ஒரு பணியாளின் வேலையை. மூட வேண்டிய கட்டாயம் உண்மையாகவே இருக்கும். அதில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். உங்களை நம்பி உங்கள் நீரில் இறங்கியவர்கள் அடுத்த மடுவுக்குப் போய்ச் சேர ஓர் இரவாவது கொடுங்கள். ஒரே மின்னஞ்சலில் ஆயிரம் பேரை வெளியே நிறுத்துவதைத் திறமை என்று கொண்டாடும் காலம் இது. அது திறமை அல்ல. நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மனிதரைத்தான் நான் திறமைசாலி என்பேன்.

பொறுமைக்கு இன்னும் இரண்டு ஆசான்கள் அந்த ஆற்றில் உண்டு. ஆட்காட்டிக் குருவி கோடையில் வறண்ட மணலில், கூழாங்கற்களுக்கு நடுவே, கூடு என்று எதுவும் கட்டாமல் முட்டை இடும். புள்ளி போட்ட அந்த முட்டையை மிதித்த பிறகுதான் முட்டை என்று தெரியும். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கப்பட்டுப் புதுத் தண்ணீர் வரும்போது மணல் திட்டுகள் முழுகும், முட்டைகள் போகும். பறவை தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி அலறும். பிறகு சற்று மேடான இடம் தேடி மறுபடி இடும். நான் அதற்குப் பரிந்து பேசும் தேவையே அதற்கு இருந்ததாகத் தெரியவில்லை.

முதலை வேறு வகை. கொள்ளிடத்தில் நன்னீர் முதலைகள் உண்டு. ஆற்றில் குளிக்கப் போனவரையும் கரையில் நின்ற ஆட்டையும் அவை பிடித்த செய்திகள் டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். இழந்த குடும்பங்களின் முன்னால் நின்று முதலையின் அழகைப் பேசும் துணிவு எனக்கு இல்லை. ஆனால் உடுமலைக்கு அருகே அமராவதி அணையில் 1970-களின் நடுவில் முதலைப் பண்ணை தொடங்கியபோது இந்த நாட்டில் முதலை இனமே அற்றுப்போகும் நிலையில் இருந்தது. தோலுக்காகக் கொன்று தீர்த்திருந்தோம். அணையைச் சுற்றிய கரைகளிலிருந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைத்து மீட்டார்கள். அஞ்சத்தக்க ஒன்றோடும் இடம் பகிர்ந்து வாழ்வது எப்படி என்று கற்பது கடினமான பாடம். அணைக்கரை மீனவர்கள் அதைக் கற்றவர்கள். எந்தத் துறையில் இறங்கலாம், எந்த நேரத்தில் கூடாது என்று அவர்கள் பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே சொல்லித் தருகிறார்கள். நீர்நாய்கள் வலையைக் கிழித்துப் பெரிய மீனைக் கொண்டுபோனாலும் அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வலையைத் தைக்கிறார்கள், நஞ்சு வைப்பதில்லை. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டுச் சட்டமே குற்றமாக்கியது. அதற்கு முன்பே இவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

இந்தக் கீழ்ப்புறத்தைப் பார்க்கப் போகிறவர்கள் விடிந்த நேரத்தில் போங்கள். பாலத்தின் மேலிருந்து பாருங்கள். கல்தளத்தில் ஒருபோதும் இறங்காதீர்கள். மேலே எங்கோ பெய்த மழைக்கு இங்கே கண் திறக்கும், பாசியில் கால் நிற்காது, அங்கே போன உயிர்களை நான் அறிவேன். முதலில் பறவைகளைப் பாருங்கள். சாம்பல் நாரை ஓரிடத்தில் வெகுநேரம் நின்றால் அதன் அலகுக்கு நேரே மீன் போகும் தடம் இருக்கும். பிறகு லஸ்கர் சொன்னபடி, சும்மா கிடக்கும் தண்ணீரைத் தேடுங்கள்.

உங்களில் சிலர் பொறியாளர்கள் ஆவீர்கள். கொள்ளிடத்திலேயே கீழணைக்கும் கீழே ஆதனூர், குமாரமங்கலம் இடையே கதவணை எழுந்துவிட்டது. கடல்நீர் உள்ளே ஏறுவதைத் தடுக்கவும் நிலத்தடி நீரைக் காக்கவும் இன்னும் பல எழும், எழவும் வேண்டும். அந்த வரைபடங்களில் ஒன்று ஒருநாள் உங்கள் மேசைக்கு வரும். மீன் ஏறும் வழி இதில் எங்கே என்று கேளுங்கள். அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் போனவில் அணையை 1938-ல் முடித்தபோதே மீன்படிகளையும் சேர்த்துக் கட்டினார்கள். ஏறிப்போகும் மீன்களை அன்று முதல் ஆள் வைத்து எண்ணி வருகிறார்கள். நம் உல்லத்துக்கு உறவான ஷாட் மீனும் அந்தப் படிகளில் இலட்சக்கணக்கில் ஏறுகிறது. ஆகவே முடியாது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். படியின் வாசல் மீன் வந்து முட்டும் இடத்தில் இருக்கிறதா, நடுநடுவே அது நின்று இளைப்பாற அமைதியான தொட்டி உண்டா, சரிவு எவ்வளவு, எந்த மாதத்தில் அதில் நீர் ஓடும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சால்மனுக்குப் போட்ட அளவைப் பெயர்த்துக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்புங்கள். இந்த ஆற்றில் எந்த மீன் ஏறுகிறது என்று அணைக்கரை மீனவரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்.